எல்லாக் காலத்திலும் ஆகப் பெரிய விலங்கு எது? ஒரு சுறாப்புட்டுப் பந்தயம்

கோணமலைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் எல்லோருக்கும். ஒரு பந்தயத்தைத் தீர்த்து வைக்க வேண்டும்.

சித்திரை விடுமுறைக்கு அக்கா குடும்பம் வவுனியாவிலிருந்து வந்திருந்தது. காலைப் பூசை முடிந்து, திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் பின்னால் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம் நின்றோம். கச்சான் காற்று இன்னும் தொடங்கவில்லை. கடல் எண்ணெய் ஊற்றிவிட்டதுபோல் கிடந்தது. தூரத்தில் வெள்ளையாக ஒரு புகை செங்குத்தாக எழும்பி, கொஞ்சம் நின்று, கரைந்தது. அப்புறம் இன்னொன்று. நீலத்திமிங்கிலம் மூச்சு விடுகிறது என்றேன். பக்கத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அக்கா மகளுக்குப் பத்து வயது. "மாமா, இதைவிடப் பெரிய மிருகம் எப்பவுமே இருக்கேல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அத்தான் விடவில்லை. பெரு நாட்டில் இதைவிடப் பாரமான ஏதோ ஒன்றின் எலும்பு கிடைத்ததாம், பேப்பரில் வந்ததாம், டைனோசரிலும் இதற்குச் சமமானவை இருந்தனவாம். பந்தயம் கட்டிவிட்டோம். தோற்றவர் செலவில் எல்லோருக்கும் சுறாப்புட்டு.

பிள்ளை அதோடு நிற்கவில்லை. "திமிங்கிலத்தை ஆர் தராசில வைச்சு நிறுத்தது?" என்றாள். அத்தானும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உயிரியல் ரீச்சர்

அத்தான் சொல்வது பெருசேட்டஸ் கொலோசஸ். அதுவும் ஒரு ஆதித் திமிங்கிலம்தான், டைனோசர் அல்ல. பெருவின் இகா பாலைவனத்தில் கிடைத்தது, வயது ஏறக்குறைய 39 மில்லியன் ஆண்டு. 13 முள்ளென்புகள் (முதுகெலும்புத் துண்டுகள்), 4 விலா என்புகள், இடுப்பென்பில் ஒரு பகுதி, அவ்வளவுதான் கையில் இருக்கிறது. மண்டையோடும் இல்லை, பல்லும் இல்லை, ஆகவே அது என்ன தின்றது என்பதே ஊகம். ஆனால் ஒரு முள்ளென்பு மட்டும் நூறு கிலோவுக்கு மேல் வரும். பார்த்தவர்கள் வாயைப் பிளந்ததில் வியப்பில்லை.

2023 இல் அதை விவரித்தவர்கள் முழு உடலின் நிறை 85 இலிருந்து 340 தொன் வரை இருக்கலாம் என்றார்கள். அந்த இடைவெளியைக் கவனியுங்கள். மீன் சந்தையில் ஒருவர் "இந்தப் பாரை எட்டரைக் கிலோவும் இருக்கலாம், முப்பத்திநாலு கிலோவும் இருக்கலாம்" என்றால் காசு கொடுப்பீர்களா? பத்திரிகைகள் 340 ஐ மட்டும் பிடித்துக்கொண்டன. அத்தானும் அப்படித்தான் பிடித்திருப்பார்.

2024 இல் வேறு இரண்டு ஆய்வாளர்கள் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். 17 மீற்றர் நீளம் என்று கொண்டால் 60 முதல் 70 தொன். 20 மீற்றர் என்று கொண்டால் 98 முதல் 114 தொன். எங்கே பிழைத்தது என்றால், அந்த எலும்புகள் கடல் பசுவின் எலும்புபோல உள்ளே துளை இல்லாமல் கெட்டியானவை. ஆழம் குறைந்த கடலில் அடியில் கிடப்பதற்கு உதவும் பாரம் அது, தோணியின் அடியில் கல் போடுகிறோமே அதுபோல. எலும்பு பாரம் என்பதால் இறைச்சியும் அதே விகிதத்தில் இருந்திருக்கும் என்று பெருக்கினால் பூதம்தான் வரும்.

என் தீர்ப்பு: பதிவிலுள்ள ஆகப் பாரமான நீலத்திமிங்கிலம் 190 தொன், ஆகவே பெருவை வைத்து அத்தான் வெல்ல முடியாது.

அரியலூர்ச் சுண்ணாம்பு

ரீச்சர், ஒரு நிமிஷம். அத்தானுக்கு இன்னொரு சாட்சி எங்க ஊரிலிருந்து வருகிறது.

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஒரு கிராமம். அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1987 இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியல் ஆய்வாளர்கள் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். புருஹத்காயோசாரஸ், அதாவது பெருத்த உடம்பு கொண்ட பல்லி. ஏழு கோடி வருஷத்துக்கு முந்தியது. கணுக்கால் முதல் முழங்கால் வரை உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். அர்ஜென்டினாவில் கிடைத்த அர்ஜென்டினோசாரஸ் உலகம் முழுக்கப் பேர் போனது, அதன் கீழ்க்கால் எலும்பு ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். முதலில் இதை இரை தின்னும் வகை என்று எழுதிவிட்டார்கள். பிறகுதான் நீண்ட கழுத்துள்ள, தழை தின்னும் வகை என்று திருத்தினார்கள்.

இப்போது கேளுங்கள், என் வயிற்றெரிச்சலை. அந்த எலும்புகள் இப்போது இல்லை. தோண்டி எடுக்கும்போதே நொறுங்கும் நிலைமை, அதோடு எங்க ஊர் மழையும் களிமண்ணும் சேர்ந்து எல்லாம் கரைந்து போய்விட்டன. மிச்சம் சில கோட்டுப் படங்கள். பல வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் "அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமாக இருக்கும்" என்று கிண்டல் பண்ணினார்கள். 2022 இல் பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்து வெளியிட்ட பிறகுதான் வாய் அடைத்தது. அடுத்த வருஷம் இருவர் போட்ட கணக்கில் 110 டன்னிலிருந்து 170 டன் வரை போகிறது. தரையில் நடந்த ஒரு உயிர், உங்க கடலில் மிதப்பதோடு போட்டி போடுகிறது.

சின்ன வயதில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் பக்கம் ஓடி ஓடி நத்தைக்கல் பொறுக்கியவன் நான். கடல் இருந்த இடம் அது. வாரணவாசியில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. 2020 இல் பக்கத்து மாவட்டம் பெரம்பலூரில் குளம் வெட்டும்போது உருண்டை உருண்டையாக வந்தவற்றை டைனோசர் முட்டை என்று ஊரே கூடி வாட்ஸ்அப்பில் பரப்பியது. போய்ப் பார்த்தவர்கள் அது கடல் நத்தை மாதிரியான அம்மோனைட் படிந்த கல் என்றார்கள். முட்டை என்றால் கூட்டம், நத்தை என்றால் கலைந்துவிடுகிறார்கள்.

சும்மா வந்தவன்

கரைந்து போன எலும்பை வைத்து எப்படி 170 தொன்? என் மாமாவும் ஒரு மீனை விட்டுவிட்டார். வருஷத்துக்கு வருஷம் அது வளர்ந்துகொண்டே போகிறது.

அரியலூர்ச் சுண்ணாம்பு

சிரிங்க தம்பி. ஆனால் இந்த மீனுக்குப் புகைப்படம் இருக்கு.

உயிரியல் ரீச்சர்

கேலி இருக்கட்டும், கேள்வி சரியானதே. ஒரு கால் என்பின் தடிப்பிலிருந்து அது எவ்வளவு பாரத்தைத் தாங்கியிருக்கும் என்று மதிப்பிடலாம். ஆனால் இதிலே தாங்கும் என்பில் கிடைத்தது துண்டுதான், அதையும் இனி அளக்க முடியாது. ஆகவே அந்த 170 ஐ நான் ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுப்பேன். 110 என்றால் நம்பலாம்.

அத்தனை பாரத்தைச் சுமந்து அது எப்படி நடமாடியது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் நிறை எட்டு மடங்காகும், காலின் குறுக்குவெட்டு நாலு மடங்குதான் ஆகும். அதனால்தான் யானைக்குத் தூண் மாதிரிக் கால், மானுக்கு ஈர்க்குக் கால். பிரட்றிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமானை யானை அளவுக்குப் பெருப்பித்தால் எழும்பவே மாட்டாது. நீள்கழுத்து டைனோசர்கள் இதைச் சமாளித்த வழி பறவைகளுடையது: முள்ளென்புகளுக்குள் காற்றறைகள். கழுத்து பார்க்கத்தான் பனைமரம். கடலில் இந்தத் தொல்லை இல்லை, தண்ணீர் தாங்குகிறது. அதே திமிங்கிலம் கரையில் ஒதுங்கினால் தன் பாரமே தன்னை நசுக்கும்.

கிண்ணியா நானா

நீங்கள் எல்லோரும் படித்தவர்கள், தொன் கணக்கில் கதைக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த அளவு வள்ளம்தான்.

நான் வாப்பாவோடு முதல்முதல் வெளிக்கடலுக்குப் போனது பதினைந்து வயதில். வலை போட்டுவிட்டு எஞ்சினை நிறுத்திக் கிடந்தோம். விடியப் போகும் நேரம். முதலில் நாற்றம் வந்தது, அழுகின கூனி இறால் மாதிரி. அதுக்குப் பிறகு பஸ்ஸில் காற்று பிரேக் பிடிக்கிற மாதிரி ஒரு சத்தம், பத்து மடங்கு. வாப்பா "அசையாத" என்றார். தண்ணீருக்குள் கீழே ஏதோ வெளிறின நீல நிறம் ஒன்று வள்ளத்துக்குக் குறுக்கே போகத் தொடங்கியது. எங்களுடைய வள்ளம் பதினெட்டு அடி. அது போகிறது, போகிறது, இன்னும் போகிறது. நான் மூன்று முறை ஸலவாத்து ஓதி முடித்த பிறகுதான் வால் வந்தது. வள்ளம் கொஞ்சமும் ஆடவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம், அவ்வளவு பெரிய உருப்படி, ஒரு அலைகூட எழும்பவில்லை.

ஓங்கல் (டொல்பின்) கூட்டம் வந்தால் வலையைப் பற்றிக் கவலைப்படுவோம். இதற்கு யாரும் கவலைப்படுவதில்லை. அது எங்களைக் கவனிப்பதே இல்லை.

கரைக்கு இவ்வளவு கிட்ட ஏன் வருகுது என்று வெள்ளைக்காரர்கள் கேட்பார்கள். துறைமுக வாயிலிலேயே கடலடியில் பள்ளத்தாக்கு தொடங்குகிறது, போகப்போக 3,000 மீற்றருக்கும் மேல் இறங்குகிறது. நூல் விட்டுப் பார்த்தால் அடி தட்டாது. பிறகேன் வராது?

ரொறொன்ரோத் திருமலையான்

நானா, அந்த நாற்றத்தை வாசித்ததும் மூக்கில் ஏறிவிட்டது. உவர்மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு ஊரில் இருக்கும்வரை ஒரு திமிங்கிலத்தையும் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்தப் போர்க் காலத்தில் கடலுக்குப் போக பாஸ் வேண்டும், கோட்டைக்குள் போகச் சோதனை. அப்புறம் பார்த்தது இங்கே, ரோயல் ஒன்ராறியோ மியூசியத்தில். முழுத் திமிங்கிலம் அல்ல, அதன் இதயம்.

2014 இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தினுடையது. அழுகாமல் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது என்னவென்றால், நீலத்திமிங்கிலத்தின் இதயம் ஒரு கார் அளவு, அதன் இரத்தக் குழாயில் ஒரு ஆள் நீந்திப் போகலாம் என்று. போய்ப் பார்த்தால் ஏறக்குறைய 180 கிலோ. கார் இல்லை, ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் பாரம். குழாயில் தலையை நுழைக்கலாம், தோள் போகாது. முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு 2019 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கலிபோர்னியாவில் உயிருள்ள ஒன்றின் இடது துடுப்புக்குக் கிட்ட உறிஞ்சிக் கிண்ணத்தால் கருவியை ஒட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்திருந்தார்கள். ஆழத்தில் இரை பிடிக்கும்போது நிமிடத்துக்கு இரண்டே துடிப்பு வரைக்கும் இறங்குகிறது. மேலே வந்து மூச்செடுக்கும்போது 37 வரை ஏறுகிறது. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் திரும்பப் போய் நின்று, என் நாடியைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் எண்ணிப் பார்த்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் என்னுடையது முப்பத்தைந்து தடவை அடித்துவிட்டது. மனைவி ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

யாளிப்பித்தன்

எல்லோரும் வெளிநாட்டு ஆராய்ச்சியையே பிடித்துத் தொங்குகிறீர்கள். நம் கோயில் தூணெல்லாம் யாளி நிற்கிறதே, அதைக் கேட்க ஆளில்லையா? சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, கொம்பு. யானையையே காலுக்குள் வைத்திருக்கும். பார்க்காமலா சிற்பி செதுக்கினான்? டைனோசர் காலத்திலேயே தமிழன் இருந்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

சும்மா வந்தவன்

அப்போ கோபுரத்தில் பத்துத் தலை இராவணனும் செதுக்கியிருக்கு. பத்துத் தலைக்கும் எலும்பு தேடுவோமா?

உயிரியல் ரீச்சர்

தம்பிமாரே, மெதுவாக. யாளிப்பித்தன், டைனோசர்கள் போனது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர். மனிதன் வந்தது 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்தான். இடையில் இருக்கும் காலத்தைத் தமிழால் நிரப்ப முடியாது, எனக்கும் ஆசைதான்.

ஆனால் உங்கள் ரசனைக்கு உண்மையிலேயே தீனி இருக்கிறது. இமயத்தின் அடிவாரம் சிவாலிக் மலைகளில் ஒட்டகச்சிவிங்கியின் உறவு விலங்கு ஒன்றின் உயிர்ச்சுவடு கிடைத்தது. உடம்பு மாடுபோலக் கட்டை, தலையில் மானின் கொம்புபோல விரிந்த கொம்பு. 1836 இல் பெயர் வைத்தார்கள், சிவதேரியம், சிவனின் விலங்கு என்று. அதே மலைகளில் ஓடு மட்டுமே 2 மீற்றர் நீளமான ஆமையும் கிடைத்தது. 2024 இல் குஜராத்தின் கட்ச் பகுதியில், நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முள்ளென்புகளை வைத்து ஒரு பாம்பை விவரித்தார்கள். 47 மில்லியன் ஆண்டுப் பழசு, நீளம் 11 மீற்றரிலிருந்து 15 மீற்றர் வரை இருக்கலாமாம். பெயர் வாசுகி இண்டிகஸ். ஆமையும் இருக்கிறது, வாசுகியும் இருக்கிறது. இனி மத்தும் இரண்டு பக்கம் இழுக்க ஆட்களும்தான் பாக்கி.

எங்கள் நாட்டுக்கும் பங்குண்டு. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம் இரண்டினதும் எச்சங்கள் வந்திருக்கின்றன. பி.ஈ.பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்தார். 1939 இல் இலங்கைச் சிங்கத்துக்கும் பெயர் வைத்தார், கையிலிருந்தது இரண்டு பற்கள்.

யாளிப்பித்தன்

இரண்டு பல்லை வைத்து முழுச் சிங்கம் என்றால் நம்புகிறீர்கள். தூண் நிறைய நிற்கும் யாளியை நம்ப மாட்டீர்கள். சரி, போங்கள்.

அரியலூர்ச் சுண்ணாம்பு

அட, அதுவும் நியாயமான அடிதான். ஆனால் அது சிங்கத்தின் பல் என்று ஒப்பிட்டுப் பார்க்க உயிருள்ள சிங்கம் இருக்கிறது அண்ணா.

சும்மா வந்தவன்

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் பள்ளத்தாக்கு 3,000 மீற்றர் என்றால் அதற்குள் மெகலடோன் என்ற அந்தக் காலத்து இராட்சதச் சுறா ஒளிந்திருக்கலாமே? யூரியூப்பில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

கிண்ணியா நானா

தம்பி, சுறா பல்லுக்கு மேல் பல்லாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். இருந்தால் வலையில் ஒன்றாவது புதுசாக வந்திருக்கும். எனக்கு வந்தது பழைய டயரும் ஒருமுறை யாரோ ஒருவரின் குளிர்பெட்டி மூடியும்.

உயிரியல் ரீச்சர்

நானா சொன்னதுதான் விடை. மெகலடோன் பல் 18 சென்ரிமீற்றர் வரை வளர்ந்தது. கடைசித் தடயங்கள் 3.6 மில்லியன் ஆண்டுப் பழசு. கரையோரச் சூடான கடலில் திமிங்கிலங்களை வேட்டையாடிய மீன் அது. குளிர்ந்த இருட்டுப் பள்ளத்தில் பட்டினி கிடக்க வேண்டிய தேவை அதற்கில்லை.

சொல்லை வைத்து ஒரு சின்ன விளையாட்டு. திமி என்பது பெருமீன். திமியை விழுங்குவது திமிங்கிலம். அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று நம் நிகண்டுக்காரர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். வெறும் கற்பனை என்று நினைத்திருந்தேன். 2010 இல் பெருவிலிருந்து லிவியாடன் என்ற வேட்டைத் திமிங்கிலத்தை விவரித்தார்கள். மண்டையோடு 3 மீற்றர், பல் 36 சென்ரிமீற்றர். சிறிய திமிங்கிலங்களைத் தின்றிருக்கும் என்கிறார்கள். என் வகுப்பில் அதற்குப் பெயர் திமிங்கிலகிலம்தான்.

பள்ளத்தாக்கில் உண்மையில் இறங்குவது எண்ணெய்த்திமிங்கிலம். ஆயிரம் மீற்றருக்கும் கீழே போய்க் கணவாய் பிடிக்கும்.

சும்மா வந்தவன்

துடுப்பு மீன் என்ற நீண்ட ஆழ்கடல் மீன் கரை ஒதுங்கினால் சுனாமி வரும் என்கிறார்களே? அம்மம்மா அந்த வீடியோ பார்த்த நாளிலிருந்து கடற்கரைப் பக்கம் போக விடுகிறார் இல்லை.

கிண்ணியா நானா

2004 மார்கழி 26 இல் எங்களுக்கு எந்த மீனும் வந்து சொல்லவில்லை.

உயிரியல் ரீச்சர்

ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் பதிவான ஆழ்கடல் மீன்களின் வரவையும் நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டு 2019 இல் ஓர் ஆய்வு வந்தது. 336 முறை மீன் தென்பட்டிருக்கிறது. நிலநடுக்கத்தோடு பொருந்தியது ஒன்றே ஒன்று. அம்மம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் அவர் பயப்படுவது மீனுக்கு அல்ல என்று நினைக்கிறேன். வற்புறுத்த வேண்டாம்.

கோணமலைக்காற்று

எல்லோருக்கும் நன்றி. ஆனால் பிள்ளையின் கேள்வி அப்படியே கிடக்கிறது. யார் நிறுத்தது?

உயிரியல் ரீச்சர்

அதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

நிறுத்தவர்கள் வேட்டைக்காரர்கள். தொழிற்சாலைக் கப்பலில் ஏற்றி, துண்டு துண்டாக வெட்டி, கொழுப்பு தனி, இறைச்சி தனி, எலும்பு தனி என்று நிறுத்துக் கூட்டினார்கள். இரத்தம் கணக்கில் வராது, அது தளத்தில் ஓடிப்போய்விடும். 1947 இல் தென்முனைக் கடலில் பிடிபட்ட ஒரு பெண் திமிங்கிலம் 190 தொன் என்று பதிவு. நாம் இந்த இழை முழுக்கப் போட்டிக்கு வைத்த எண் அதுதான்.

எங்கள் பக்கமும் தப்பவில்லை. 1960களில் சோவியத் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் 1,294 நீலத்திமிங்கிலங்களைக் களவாகக் கொன்றன. 1979 இல்தான் இந்தச் சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயம் ஆனது. ஐந்து வருடம் கழித்து, 1984 இல், இங்குள்ள நீலத்திமிங்கிலத்தின் பாடலைத் திருமலைக் கடலில்தான் பதிவு செய்தார்கள். வேறு சமுத்திரங்களின் பாடலிலிருந்து அது வேறு. மற்ற இடங்களில் அவை குளிர்கடலுக்கும் சூடான கடலுக்கும் போய் வருகின்றன. இங்குள்ளவை வெப்பக் கடலை விட்டுப் போவதே இல்லை. எங்கள் நாட்டு ஆய்வாளர் ஆஷா டி வோஸ் 2003 இல் கடலில் மிதந்த சிவப்பு நிறக் கழிவைப் பார்த்துத்தான் இவை இங்கேயே இரை தின்கின்றன என்ற நூலைப் பிடித்தார்.

ஒரு விஷயம், அத்தானிடம் சொல்லாதீர்கள். எங்கள் கடலில் உள்ளது குள்ள வகை. 24 மீற்றரைத் தாண்டுவது அரிது. 190 தொன் தென்முனைக்காரியின் கணக்கு.

கோணமலைக்காற்று

தாமதத்துக்கு மன்னிக்கவும் ரீச்சர். அத்தான் எனக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டார்.

இப்போது அவருடைய வழக்கு இப்படி: பந்தயம் "அந்தா தெரியுதே, அதைவிட" என்பதுதானாம். அந்தா தெரிந்தது குள்ள வகை. அரியலூர்க்காரரின் டைனோசர் 110 தொன். ஆகவே தான் வென்றாராம். நான் சொன்னேன், கரைந்து போன எலும்புக்குச் சுறாப்புட்டு கிடையாது என்று. அக்கா தலையிட்டு, இரண்டு பேரும் பாதிப் பாதி என்று முடித்துவிட்டாள்.

பிள்ளைக்கு வெட்டி நிறுத்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அப்ப உயிரோட இருக்கிற ஒண்டையும் ஆரும் நிறுக்கேல்ல" என்றாள். ஆமாம் என்றேன். நாளைக் காலை திரும்பவும் கோணேசர் மலைக்குப் போக வேண்டுமாம், நானாவின் கதையைக் கேட்டதிலிருந்து மூச்சை எண்ண ஒரு கொப்பியும் எடுத்து வைத்திருக்கிறாள்.

நானா, சுறா எங்கே நல்லது கிடைக்கும்?

கிண்ணியா நானா

கோயிலுக்குப் போகுமுன் விடிய ஐந்தரைக்குச் சந்தைக்கு வா. பெரியதைக் காட்டினால் எடுக்காதே. புட்டுக்குக் குட்டிச் சுறாதான் ருசி, அவித்து உதிர்க்கவும் லேசு. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, தராசைப் பார்க்கட்டும்.